துடைப்பம் கேட்டோம், சுத்தம் கேட்கவில்லை

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பழைய கோப்பைத் தூக்கிக் கொடுத்து, "இதைப் பார்த்து அப்படியே போடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கோப்புகளில் சில நான் எழுதியவையாக இருக்கலாம். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஒரு நகராட்சியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்குத் தெரியாத விதிமுறை கிடையாது. எந்த அரசாணையை எந்த அரசாணை ரத்து செய்தது, அந்த ரத்தை எது ரத்து செய்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படி ஓர் ஆள் இருக்கும் அலுவலகத்தில் தவறே நடக்காது என்று நினைப்பீர்கள். நடக்கும். முறைப்படி நடக்கும்.

எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு கழிப்பறைக் கட்டடம் இருந்தது. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். அதைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்துக்கான நிபந்தனைகளை நான்தான் எழுதினேன். பதினேழு பக்கம். துடைப்பம் எத்தனை, அதன் நீளம் எவ்வளவு, பினாயில் மாதத்துக்கு எத்தனை லிட்டர், வாளி என்ன நிறம், பணியாளர்கள் நான்கு பேர், அவர்கள் சீருடை என்ன நிறம், வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஒன்றையும் விடவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் அனுப்பி நகல் வாங்கிப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மை.

ஒரு திங்கட்கிழமை மனு நாளில் மஞ்சுளா என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. முப்பது நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாகங்களைப் பொருத்தும் இடத்தில் அவள் லைன் லீடர். தன்னோடு ஒரே பஸ்ஸில் போகும் நாற்பது பெண்களின் கையெழுத்தோடு ஒரு மனு கொண்டுவந்திருந்தாள். பேருந்து நிலையத்தில் உள்ள பெண்கள் கழிப்பறையை உடனடியாக இடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது.

இரண்டு முறை படித்தேன்.

"கட்டித் தரச் சொல்லித்தானம்மா மனு குடுப்பாங்க?"

"கட்டி வச்சதுதான் சார் தொல்லையே. விடிகாலையில அஞ்சேகாலுக்கு நாங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கணும். அஞ்சரைக்குக் கம்பெனி பஸ்ஸு. போற வழியில பெட்ரோல் பங்க்குல ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துங்கன்னா, உங்க ஸ்டாப்புலயே கவர்மெண்டு பாத்ரூம் இருக்குதேன்றாங்க. அது இருக்கறதாலதான் சார் எங்களுக்குப் பாத்ரூமே இல்ல. நீங்க இடிச்சிட்டீங்கன்னா பங்க்குல நிறுத்தித்தான் ஆகணும்."

"அங்க மாசாமாசம் அறுபது லிட்டர் பினாயில் ஊத்தறோம்மா."

"நீங்க உள்ள போயிப் பாத்தீங்களா சார்?"

"நான் எப்படிம்மா உள்ள போறது?"

"அதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரியிலேர்ந்தே யாரும் தண்ணி குடிக்கறதில்ல சார். போன வாரம் ஒரு பொண்ணு லைன்லயே மயங்கி விழுந்துட்டா. சூப்பர்வைசரு, டிபன் சாப்பிடாம வந்தியான்னு கேக்கறாரு. அவருகிட்ட இன்னான்னு சொல்றது?" என்றாள்.

அவள் போனதும் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மாதந்தோறும் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட ஆய்வுச் சான்று: சுகாதார ஆய்வாளர், இளநிலைப் பொறியாளர், நான். மூன்று பேரும் ஆண்கள். பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் நுழையக்கூடாது, அது பண்பாடு. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை பகல் பதினொரு மணிக்கு வாசலில் நின்று, பினாயில் வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்து, "பெண்கள் பகுதி: திருப்தி" என்று எழுதியிருக்கிறோம். ஆறு ஆண்டுகள். ஒரு மாதம்கூட அதிருப்தி கிடையாது. இவ்வளவு திருப்தியான மனிதர்களை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க முடியாது.

ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். நாகராஜப்பா என்று பெயர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். வெள்ளை வேட்டியில் சந்தனம் மணக்க வந்து உட்கார்ந்தார். நான் மனுவைக் காட்டிக் கத்தினேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். என்னுடைய பதினேழு பக்கம். அட்டை போட்டு வைத்திருந்தார்.

"சார், நீங்க தொடப்பம் கேட்டீங்க. குடுத்தேன். எண்ணிக்குங்க. நீளம் வேணும்னா அளந்துக்குங்க. பினாயில் கேட்டீங்க, ஊத்தினேன். பச்சை வாளி கேட்டீங்க, பெங்களூர்ல போயித் தேடி வாங்கியாந்தேன், இங்க நீலந்தான் கெடைக்குது. எல்லாம் செஞ்சாச்சு. சுத்தம்னு எங்க சார் கேட்டிருக்கீங்க? எத்தினாவது பக்கம்? நானும் தேடிப் பாத்தேன் சார், காணோம்."

நான் பக்கங்களைப் புரட்டினேன். உண்மையிலேயே காணோம்.

"வேலை நேரம் ஒம்பதுலேர்ந்து அஞ்சுன்னு எழுதினது நீங்க" என்று எழுந்தார். "அந்தப் பொண்ணுங்க அஞ்சேகாலுக்கு வர்றாங்க. நான் இன்னா சார் செய்யிறது?"

ஒன்பது மணி என்று ஏன் எழுதினேன்? நாங்கள் அலுவலகம் வரும் நேரம் அது. கழிப்பறையும் எங்களோடு சேர்ந்து பணிக்கு வரும் என்று நினைத்திருக்கிறேன்.

அடுத்து, சுலபமான வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எல்லாரும் அப்படித்தான். நேரே மஞ்சுளாவின் தொழிற்சாலைக்குப் போய், பேருந்துகளைக் கவனிக்கும் அதிகாரியைப் பார்த்து, பங்க்கில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று கிளம்பினேன். என்னைவிட முப்பது வயது சின்னவர். மரியாதையாகக் காபி வரவழைத்தார். பேருந்து ஒப்பந்தம் எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று தொழில் ஆசையில் கேட்டேன். அரைப் பக்கத் தாளை நீட்டினார்.

"இவ்வளவுதானா? டயர், சீட்டு, டிரைவர் யூனிஃபார்ம் எதுவும் இல்லையே?"

"அது எனக்கு எதுக்கு சார்? ஷிஃப்ட்டு சைரன் அடிக்கறப்போ ஆளு உள்ள இருக்கணும். இருந்தா வாடகை. லேட்டானா அன்னிக்கி வாடகை இல்ல. மத்ததெல்லாம் பஸ்ஸுக்காரர் பாத்துக்குவாரு. இந்த ரெண்டு வருசத்துல பஸ்ஸு லேட்டானது விரல் விட்டு எண்ணிடலாம்."

எனக்கு வியப்பாக இருந்தது. பதினேழு பக்கத்தில் எனக்குக் கிடைக்காதது இவருக்கு அரைப் பக்கத்தில் கிடைத்திருக்கிறது. அப்புறம்தான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"அப்போ பங்க்குல அஞ்சு நிமிசம்?"

"நிறுத்த மாட்டாரு சார். அஞ்சு நிமிசம் நின்னா அவருக்கு வாடகை போயிடும். நானே சொன்னாலும் நிறுத்த மாட்டாரு."

அந்த இளைஞரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என் பணிக்காலத்தில் பெரிய பாடம் சொன்னவர்களில் அவர் ஒருவர், அதுவும் ஒரே காபியில் இரண்டு பாடம். முதலாவது, எதற்குப் பணம் கொடுக்கிறீர்களோ அது கிடைக்கும். துடைப்பத்துக்குக் கொடுத்தால் துடைப்பம், நேரத்துக்குக் கொடுத்தால் நேரம். இரண்டாவது, எதை மறந்தீர்களோ அது கண்டிப்பாகக் கிடைக்காது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை என்று ஒன்று உண்டு என்பது அந்த அரைப் பக்கத்தில் இல்லை. என் பதினேழு பக்கத்திலும் இல்லை. பலன் பார்த்துப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் நல்ல குதிரை. ஆனால் எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறீர்களோ அந்தப் பக்கம்தான் ஓடும், வழியில் யார் நின்றாலும்.

நாகராஜப்பாவின் பழைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. புதிய நிபந்தனைகளை எழுதினேன். இரண்டரைப் பக்கம். துடைப்பம் இல்லை, பினாயில் இல்லை, வாளியின் நிறம் ஒப்பந்ததாரர் விருப்பம். தினமும் காலை ஐந்தேகால் மணிக்குப் பெண்கள் பகுதி பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். பயன்படுத்த முடிந்ததா என்பதை அதைப் பயன்படுத்த வேண்டிய ஒரு பெண் சொல்வாள். முடியவில்லை என்றால் அன்றைய தொகை கிடையாது. மூன்று மாதம் சோதனை. கடைசி மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் முடியவில்லை என்றால் ஒப்பந்தம் முறியும்; கட்டடத்தை இடிக்கச் சொல்லும் மனு நகர்மன்றத்துக்குப் போகும்.

ஆணையர் படித்தார். நல்ல மனிதர், ஆகவே எப்போதும் பயந்தபடி இருப்பவர்.

"தணிக்கையில கேப்பாங்க சார். பொருள் எதுவுமே வாங்கலையே, எதுக்குப் பணம் குடுத்தீங்கன்னு. இது எந்தப் பதிவேட்டுல ஏறும்?"

"புதுசா ஒண்ணு திறக்கலாம் சார். பயன்பாட்டு உறுதிப் பதிவேடு."

"அதுல என்னன்னு எழுதுவீங்க?"

"போனாங்களா, போகலையான்னு."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றோடு 17-பி என்ற நோயும் வருவதுண்டு. ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை. வந்தால் ஓய்வு நாளில் மாலை போடமாட்டார்கள், பணியிடை நீக்க ஆணைதான் கையில் கொடுப்பார்கள். "நீங்களே குறிப்பு எழுதி வையுங்க, நான் கீழ போடறேன்" என்றார். அதாவது, நோய் உங்களுக்கு வரட்டும்.

மஞ்சுளாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மூன்று மாதம் மனுவை நிறுத்திவைக்கச் சம்மதித்தாள்.

"தினமும் நாந்தான் சொல்லணுமா? எனக்கு இன்னா சம்பளம் சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ ஒரே வார்த்தைதான் போடுவேன்."

அப்படித்தான் அந்த முறை பிறந்தது. காலை ஐந்தரைக்கு என் கைபேசியில் ஒரு வார்த்தை: போனேன். அல்லது: போகலை. அவள் பஸ்ஸில் ஏறியதும் அனுப்புவாள். அதே செய்தி அந்த நாற்பது பெண்களின் குழுவுக்கும் போகும். அவள் பொய் சொன்னால் பக்கத்து இருக்கையிலிருந்தே மறுப்பு வரும். இவ்வளவு நல்ல தணிக்கை முறையை எந்த அரசாணையும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

ஒப்பந்தப் புள்ளி திறந்த அன்று இரண்டே உறைகள். மற்றவர்கள் நிபந்தனையைப் படித்துவிட்டு ஓடிவிட்டார்கள். குறைந்த தொகை மறுபடியும் நாகராஜப்பாதான், ஆனால் பழையதைவிடக் கொஞ்சம் கூட. ஏன் என்று கேட்டேன். "ரிஸ்க்கு சார்" என்றார். நியாயம். ஆபத்தை அவர் தலையில் ஏற்றுகிறோம், சுமைக்கூலி கேட்கிறார். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் துடைப்பத்தையே எண்ணிக்கொண்டிருக்கலாம்.

முதல் வாரம் ஆறு நாளும் "போகலை." நாகராஜப்பா நம்பவில்லை. எத்தனை ஆய்வைப் பார்த்தவர் அவர்! ஆய்வு செய்பவருக்கு ஒரு விலை இருக்கும் என்பது அவருடைய நீண்டகால அனுபவம். அந்த அனுபவத்தைக் குறை சொல்லும் தகுதி எங்கள் அலுவலகத்துக்கு இல்லை. ஒரு கிலோ மைசூர்பாகும் ஒரு புடவையும் மஞ்சுளா வீட்டுக்கு அனுப்பினார். புடவை அன்றைக்கே திரும்பி வந்தது. மறுநாள் ஐந்தரைக்குச் செய்தி வந்தது: "போகலை. மைசூர்பா பஸ்ஸுல எல்லாருக்கும் குடுத்தோம், நல்லா இருந்தது."

அந்த முறை மட்டும்தான் அவள் ஒரு வார்த்தைக்கு மேல் எழுதினாள்.

இரண்டாவது வாரம் அவர் வேறு வழி பார்த்தார். இது என் தவறு, ஒளிக்க மாட்டேன். பிடித்தம் ஆன தொகையை அவர் அப்படியே துப்புரவு செய்யும் ராணியம்மாவின் கூலியில் கழித்துவிட்டார். பதிவேட்டில் நான்கு பேர் இருந்தாலும் ஆறு ஆண்டுகளாக அந்தக் கட்டடம் முழுவதையும் கழுவியது ராணியம்மா ஒருத்திதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மஞ்சுளாதான் வந்து சொன்னாள். "சார், உங்க புது சட்டத்துல கடைசியில அடி வாங்குறது அந்தக்காதான்" என்றாள். ஒப்பந்ததாரரைப் பிழியும்போது சாறு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். கூலி பணியாளரின் வங்கிக் கணக்குக்கு முழுதாகப் போன பிறகுதான் எங்கள் தொகை ஒப்பந்ததாரருக்கு என்று துணை ஒப்பந்தம் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும். மூன்றாம் பக்கம் எழுதச் சோம்பல்பட்டதன் விலை அது. அதை வாங்கியது நானில்லை, ராணியம்மா.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு நாகராஜப்பா ஒரு காரியம் செய்தார். ஆறு ஆண்டில் அவரும் செய்ததில்லை, நானும் செய்ததில்லை. காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் போனார். ராணியம்மாவை உள்ளே அனுப்பி, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, வெளியே நின்று கேட்டார். அன்று காலை பத்து மணிக்கு என் அறைக்கு வந்தார். சந்தனம் இல்லை.

"தேவுடா! சார், பிரச்சினை அழுக்கே இல்ல சார். நாலு கதவுல மூணுக்குக் கொண்டி இல்ல. லைட்டு எரியல. பைப்புல தண்ணி ஏழு மணிக்கு மேலதான் வருது. இருட்டுல, கொண்டி இல்லாத கதவுக்குள்ள எந்தப் பொம்பளை சார் போவா? நான் அறுபது லிட்டர் பினாயில் ஊத்தினேனே, அதுக்கு ஒரு பத்து ரூவா கொண்டி போட்டிருந்தா..."

கொண்டி பொறியியல் பிரிவு. பல்பு மின் பிரிவு. தண்ணீர் குடிநீர்ப் பிரிவு. என் கோப்பில் இருந்தது துடைப்பம் மட்டும். கதவைத் திறந்து உள்ளே போகும் பெண்ணுக்கு இந்த நான்கும் ஒரே விஷயம் என்பது எங்கள் அமைப்பு வரைபடத்தில் கிடையாது.

பழைய ஒப்பந்தமாக இருந்தால் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார். நான் அதைப் பொறியாளருக்கு அனுப்பியிருப்பேன். பொறியாளர் மதிப்பீடு தயாரித்திருப்பார். கதவே மக்கிப்போன பிறகு கொண்டிக்கு ஒப்புதல் வந்திருக்கும். இப்போது ஒவ்வொரு நாளும் நாகராஜப்பாவின் பணம் போகிறது. அன்று மாலைக்குள் நான்கு கதவிலும் கொண்டி. மறுநாள் விளக்கு. தண்ணீருக்கு அவரே ஒரு தொட்டி வாங்கி வைத்து இரவே நிரப்பிக்கொண்டார். ராணியம்மாவுக்குத் துணையாக இன்னொரு பெண்ணைச் சேர்த்து, வேலை நேரத்தை அதிகாலைக்கு மாற்றினார். இவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதிக் கேட்கவில்லை. எழுதியிருந்தால் கொண்டியின் நீளம் மட்டும் சரியாக இருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பொறியியல் பிரிவிலிருந்து: ஒப்பந்ததாரர் அனுமதியின்றி நகராட்சிச் சொத்தில் கொண்டி பொருத்தியது குறித்து விளக்கம் தரவும். இன்னொன்று கைபேசியில், காலை ஐந்தரைக்கு: போனேன்.

முதல் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

இரண்டாம் மாதம் "போகலை" குறைந்தது. மூன்றாம் மாதம்தான் கணக்கில் சேரும் மாதம். அதில் மூன்று "போகலை" விழுந்தது: ஒருநாள் மின்தடை, ஒருநாள் குழாய் அடைப்பு, ஒருநாள் ராணியம்மாவுக்குக் காய்ச்சல், மாற்று ஆள் பிந்தினாள். மூன்று வரைக்கும் பொறுக்கலாம். மாதத்தின் கடைசி வேலைநாள். காலையில் பல்துலக்கிக்கொண்டே கைபேசியைப் பார்த்தேன்.

போகலை.

நான் அலுவலகம் போவதற்குள் நாகராஜப்பா அங்கே நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை. நடந்தது இது: கர்நாடகப் பக்கமிருந்து கோயிலுக்குப் போகும் இரண்டு வேன்கள் ஐந்து மணிக்கு அங்கே நின்றிருக்கின்றன. முப்பது பேர் இறங்கி உபயோகித்துப் போயிருக்கிறார்கள். ராணியம்மா கழுவிக்கொண்டிருந்தபோதே கம்பெனி பஸ் வந்துவிட்டது. மஞ்சுளா ஏறிவிட்டாள்.

"ஒரே நிமிசம் சார். ஒரு நிமிசம் பஸ்ஸு லேட்டா வந்திருந்தா..."

அந்த பஸ் ஏன் தாமதமாக வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆணையர் அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். நான்காவது "போகலை" பதிவேட்டில் ஏறினால் ஒப்பந்தம் முறியும், மனு மன்றத்துக்குப் போகும், கட்டடம் இடிபடும். ஆணையர் மேசைமீது விரலால் தாளம் போட்டார்.

"சார், இது ஒரு வார்த்தைதானே? அந்தப் பொண்ணுகிட்ட நீங்க பேசுங்க. வேன்காரங்க செஞ்சதுக்கு இவர் என்ன பண்ணுவாரு? போனேன்னு ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சது. எல்லாருக்கும் நல்லதுதான?"

எல்லாருக்கும் நல்லதுதான். அதுதான் ஆபத்து. நாங்கள் ஆறு ஆண்டுகள் போட்ட கையெழுத்தும் எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்தது. அந்த நாற்பது பேரைத் தவிர. கைபேசி என் கையில் இருந்தது. கேட்டிருந்தால் மஞ்சுளா செய்திருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அடுத்த முறை குழாய் உடையும்போதும் கேட்டிருப்பேன். அதற்கடுத்த முறை கேட்கவே வேண்டியிருக்காது. தானாக "போனேன்" வந்திருக்கும். அப்புறம் எங்கள் பழைய சான்றிதழுக்கும் இதற்கும் வித்தியாசம், அது தாளில், இது கைபேசியில் என்பதுதான்.

"முடியாது சார்" என்றேன். "நாலுன்னே எழுதறேன். ஒப்பந்தத்தைத் தொடரணும்னா, நாலு விழுந்தும் தொடரலாம்னு காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போடணும். அந்த அதிகாரம் உங்களுக்கு இருக்குது."

"என்ன காரணம் எழுதுவீங்க?"

"ஆறு வருசமா ஒரு நாளுகூடக் குறை இல்லைன்னு ஒரு பதிவேடு இருக்குது. ஒரே மாசத்துல நாலு குறைன்னு ஒரு பதிவேடு இருக்குது. எதை சார் நம்புவீங்க?"

17-பி இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

அன்று பிற்பகல் ஷிஃப்ட் முடிந்து மஞ்சுளாவே வந்தாள், கம்பெனிச் சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு. மூன்று மாதம் முடிந்தது, மனு என்ன ஆயிற்று என்று கேட்க வந்திருந்தாள். ஆணையர் உள்ளே கூப்பிட்டார். சுகாதார ஆய்வாளரும் பொறியாளரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். சுவரோரமாக நாகராஜப்பா.

ஆணையர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "நாலு நாள் போகலைன்னு நீயே சொல்லியிருக்கம்மா. மூணுக்கு மேல போயிட்டா இடிக்கணும்னு எழுதியிருக்கு. உங்க மனுவும் அதுதான். அப்போ இடிச்சிடலாமா?"

அவள் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், இவர்களுக்கு இன்னும் எப்படிச் சொல்வது என்பதுபோல.

"இன்னா சார் சொல்றீங்க? இடிச்சிட்டா மீதி இருபத்திரெண்டு நாளு நாங்க எங்க போறது?"

ஆணையர் பேனாவை எடுத்தார். என் குறிப்பில் நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கக் காரணத்தை அடித்துவிட்டு, அவள் சொன்ன அந்த வாக்கியத்தையே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அரசுக் கோப்பில் அவ்வளவு நல்ல காரணத்தை நான் அதற்கு முன் படித்ததில்லை. தணிக்கையும் பிறகு அதைப் படித்தது. ஒன்றும் சொல்லவில்லை, என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம். மஞ்சுளா எழவில்லை.

"சார், எங்க பக்கம் பரவாயில்ல. ஆம்பளைங்க பக்கம் நாறுது. நாங்க பஸ்ஸுக்கு நிக்கறது அந்தச் செவுத்துக்குப் பக்கத்துலதான். மூக்கைப் பொத்திக்கினு நிக்கறோம்."

"அதையும் இதே மாதிரி சேர்த்துடலாம்மா" என்றார் ஆணையர், கையெழுத்துப் போட்ட தைரியத்தில்.

"சேருங்க. ஆனா அதுக்கு நான் மெசேஜ் போட முடியாதே? தினமும் அஞ்சேகாலுக்கு உள்ள போயிப் பாக்க ஒரு ஆம்பளை வேணும்."

அறையில் ஐந்து ஆண்கள் இருந்தோம். ஆணையருக்குக் குடியிருப்பு கிருஷ்ணகிரியில். சுகாதார ஆய்வாளர் காலையில் வார்டுகளுக்குப் போக வேண்டும். பொறியாளருக்குத் தூசி ஒவ்வாமை. நாகராஜப்பா ஒப்பந்ததாரர், தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போடக்கூடாது, விதி. அந்த விதியை எடுத்துச் சொன்னது நான்தான். சொல்லி முடித்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, பேருந்து நிலையத்திலிருந்து ஆணையருக்கு என் முதல் செய்தி போனது: போகலை.